புதுப்பிப்பு: சுருண்ட மிளகாய்ச் செடி பூத்துவிட்டது

ஆடியில் விதைத்த மிளகாய் நாற்றுகளின் இலை சுருள்கிறதே, என்ன செய்யலாம் என்று ஆவணியில் கேட்டிருந்தேன். வேளச்சேரி மொட்டை மாடியில் அந்த ஆறு செடிகளில் நான்கு இப்போது பூத்திருக்கின்றன!

இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன் என்று ஒருவர் சொன்னது பெரிய உதவி. வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டினேன். ரவையைவிடச் சின்னதாய், மஞ்சளாய் நாலைந்து ஊர்ந்தன. இலைப்பேன்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய இரண்டு சொட்டு சோப்புக் கரைசல். வாரம் ஒருமுறை, வெயில் சாய்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளித்தேன். மூன்றாம் வாரம் துளிர் நேராக வந்தது. பழைய இலை நிமிராது, அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

மீதி இரண்டைப் பிடுங்கிவிட்டேன். மனசே வரவில்லை. ஆனால் இலை சிறுத்து, மஞ்சள் பாய்ந்து, வளராமல் நின்றது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் போலத்தான் இருந்தது. அதற்கு மருந்து கிடையாது.

அப்புறம், வீட்டு வற்றல் விதை முளைக்குமா என்று கேட்டவருக்கு: 20 போட்டேன், எட்டாம் நாளிலிருந்து 9 முளைத்தன.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. தொட்டிகளின் வடிகால் துளைகளைக் குச்சியால் குத்திவிட்டேன். இன்று காலை ஒரு பூ உதிர்ந்த இடத்தில் கடுகளவு பச்சைப் பிஞ்சு.