ஆறு வாரமாக எடை குறையவில்லை. கணக்கில் எங்கே பிழை?

கேள்வி:
எனக்கு வயது 41. மதுரையில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். 78 கிலோவிலிருந்து 74க்கு வந்தேன். அதன்பின் முள் அசையவில்லை. தினமும் 1,500 கலோரி என்று நோட்டில் எழுதுகிறேன், மாலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி 40 நிமிடம் நடக்கிறேன். சாப்பாட்டை இன்னும் குறைக்கவா? இப்போதே பசியில் தூக்கம் வருவதில்லை.

பதில் 1:
வேண்டாம் அக்கா, பட்டினி கிடக்காதீர்கள். இட்லியை எண்ணி எழுதுகிறீர்கள். பொடியில் ஊற்றும் நல்லெண்ணெயை எழுதுகிறீர்களா? ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி. நானும் அதைத்தான் விட்டிருந்தேன். ஒரு வாரம் அளந்து ஊற்றிய பிறகுதான் நாளுக்கு 300 கலோரி எழுதாமல் போனது தெரிந்தது. இப்போது என் எண்ணெய்க் குப்பியின் கழுத்திலேயே அளவுக்கரண்டியை நூலால் கட்டி வைத்திருக்கிறேன்.

பதில் 2:
இரவில் ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிடுங்கள், பசி அடங்கும். நடையோடு வாரம் இரண்டு நாள் தசைக்கும் பயிற்சி வேண்டும். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள், பத்துப் பத்தாக மூன்று முறை.

கேட்டவர்:
இன்று காலை அளந்து பார்த்தேன். பொடிக்கு மட்டும் இரண்டு கரண்டி! தாளிப்பை இன்னும் சேர்க்கவில்லை.