குளத்து ஆகாயத்தாமரை ஓரத்தில் குண்டாகவும் நடுவில் நெட்டையாகவும் இருப்பது ஏன்?

தேரூர்க்காரன்: சுசீந்திரம் பக்கம் எங்க ஊர்க் குளத்துல, ஓரமா தனித்தனியா மிதக்கிற செடிக்கு வெங்காயம் மாதிரி காம்பு, ஆனா நடுவில் நெருக்கியடித்து நிற்கிற செடிக்கு இடுப்புயரம் வரை காம்பு, வீக்கமே இல்லை. இரண்டு சாதியா?

வரப்பு: ஒரே செடிதான் அண்ணாச்சி. தனியா இருக்கும்போது தானே மிதக்கணும், கவிழாமல் நிற்கணும், அதற்குத்தான் அந்தக் காற்றடைத்த வீக்கம். வெங்காயத் தாமரைன்னு பேர் வந்ததே அதனால்தான். நெருக்கத்தில் பக்கத்துச் செடிகளே தாங்கிக்கொள்ளும், அப்புறம் வெளிச்சத்துக்குத்தான் போட்டி. பக்கத்து இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிட, அதைத் தாண்டிய தூரச்சிவப்பு ஒளிதான் அதிகமாக மிஞ்சும், அந்த மாற்றத்தை உணர்ந்து காம்பு மெலிந்து நீள்கிறது. சில செடிகள் ஒரு மீட்டர் வரைகூடப் போகும்.

குளத்தங்கரை: சம்பைக் கோரையும் அப்படித்தான், அடர்ந்த இடத்தில் மெலிந்து உயர்ந்து, நிழலில் கிடக்கும் கீழிலை காய்ந்து, வலுவில்லாத தண்டுகள் தானாகவே செத்துப்போகும்.

தேரூர்க்காரன்: சரி மக்கா, அப்போ பாதியை வாரிவிட்டால் மீதி அடங்கிவிடுமா?

வரப்பு: அடங்காது, தயவுசெய்து அரைகுறையா வாராதீங்க! நெருக்கத்தில் குட்டி போடுவது குறையும், இடம் கிடைத்ததும் ஓடுதண்டு விட்டு திரும்பவும் குண்டுச் செடிகளாகப் பரவும். ஒரு ஓரத்தில் தொடங்கி முழுசா வாரி, கரையிலிருந்து தள்ளிப் போடுங்க. விதை சேற்றில் பல வருடம் கிடக்கும், அடுத்த மழைக்குப் பிறகும் முளையைப் பார்த்துப் பிடுங்கணும்.