அம்மாவுக்கு மூளையில ரத்தக்குழாய் வெடிச்சுருச்சு, மண்டையத் திறக்கணுமாம், தொடை வழியா காயில் (மெல்லிசான கம்பிச் சுருள்) வைக்க முடியாதா?

உசிலம்பட்டி பையன்:
அண்ணே யாராச்சும் முழிச்சிருந்தா சொல்லுங்க. அம்மாவுக்கு 54 வயசு, பிரஷர் மாத்திரைய பாதி நாள் போட மாட்டாக. நேத்து சாயங்காலம் பூ கட்டிக்கிட்டு இருந்தவுக மண்டையில கல்லத் தூக்கிப் போட்ட மாதிரி இருக்குடான்னு கத்துனாக, ரெண்டு தடவ வாந்தி, அப்புறம் பேச்சு குழறி வலது கை தூக்க முடியல. முதல்ல காட்டுன எடத்துல பித்தம்னு ஊசி போட்டு அனுப்பிட்டாக, ராத்திரி மதுரைக்குத் தூக்கிட்டு வந்தோம். சிடி ஸ்கேன் எடுத்துட்டு, இடது பக்கம் எம்சிஏன்ற குழாய்ல கொப்புளம் மாதிரி இருந்தது வெடிச்சு மூளைக்குள்ளயே ரத்தம் கட்டியா நிக்குது, உடனே திறந்து கொப்புளத்தோட கழுத்த இறுக்கிப் பிடிக்க கிளிப் போடணும்னு கையெழுத்து கேக்குறாக. சென்னையில இருக்குற மச்சான் என்னடான்னா காயில்தான் பெஸ்ட்டு, திறக்க விடாத, இங்க கூட்டிட்டு வான்றாரு.

அனுப்பானடி மாப்ள:
தம்பி, எங்க மாமாவுக்கும் இதே எம்சிஏதான். உங்க மச்சான் பாத்தது 2002ல வந்த ஐசாட் ஆய்வா இருக்கும், 2143 பேரு, ஒரு வருசம் கழிச்சு செத்தவங்க இல்ல அடுத்தவங்க தயவுல இருக்குறவங்க காயில்ல 23.7 சதவீதம், கிளிப்புல 30.6. ஆனா அதுல சேத்தவங்க ரெண்டு வழியும் ஒத்துவரும்னு டாக்டருக நெனச்சவங்க, முக்காவாசிப் பேரு நல்லா நினைவோட வந்தவங்க, எம்சிஏ கொஞ்சப் பேருதான். உங்க அம்மா கேஸ் அது இல்ல. காயில் ஓட்டைய உள்ளருந்து அடைக்கும், ஆனா வெளிய கட்டி நிக்கிற ரத்தத்த யாரு எடுக்குறது? அதுதான மூளைய அமுக்குது. திறந்தா கட்டியவும் எடுத்து அதே கையோட கிளிப்பும் போட்டுருவாங்க. கையெழுத்து போடும்போது எனக்கும் கை நடுங்குச்சுய்யா, வெளிய டீக்கடையில ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன், அந்த நேரம்தான் இப்ப நெனச்சாலும் வேகுது.

நைட் டூட்டி அக்கா:
நியூரோ ஐசியூல நர்ஸா இருக்கேன். முதல் 24 மணி நேரத்துலதான் மறுபடி வெடிக்கிற ஆபத்து ஜாஸ்தி, அந்த நேரத்துல 460 கிலோமீட்டர் ஆம்புலன்ஸ்லயா? மதுரையிலயே ஆள் இருக்குறப்ப வேணாம் தம்பி. இன்னொன்னு, ஆபரேசன் நல்லா முடிஞ்சுருச்சுன்னு சாமிக்கு மொட்ட போடக் கெளம்பிராதீங்க, நாலாவது நாள்ல இருந்து ரெண்டு வாரம் வரைக்கும் மத்த ரத்தக்குழாய் சுருங்கும், நல்லா பேசிட்டு இருந்தவுக திடீர்னு தூங்கி வழிவாங்க. அதுக்குத்தான் நிமோடிபின் மாத்திரை, 60 மி.கி. நாலு மணிக்கு ஒரு தடவ 21 நாள், நடுராத்திரி எழுப்புறோம்னு எங்ககிட்ட சண்டைக்கு வராதீங்க. பிரஷர் எறங்குனா டோஸ குறைச்சு அடிக்கடி குடுப்பாங்க. மூளைத் தண்ணி தேங்குனா மண்டையில ட்யூப் வச்சு வெளிய விடுவாங்க, வீக்கம் இருந்தா மண்டை ஓட்ட உடனே மூடாம வயித்துத் தோலுக்கடியில வச்சுட்டு சில மாசம் கழிச்சு திரும்ப வைக்கிறதும் உண்டு, பாத்துப் பயந்துராதீங்க.

கோரிப்பாளையம்:
முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தா ரேசன் கார்டு, ஆதாரோட இப்பவே இன்சூரன்ஸ் கவுண்டர்ல குடுத்துருங்க. வருசத்துக்கு 5 லட்சம் வரை இருக்கு. அட்டை வீட்டுல இருந்தா யாரையாச்சும் பைக்ல அனுப்புங்க. டாக்டர்கிட்ட கிளிப் டைட்டானியமான்னும் கேட்டு டிஸ்சார்ஜ் சம்மரியில எழுதி வாங்கிருங்க, பின்னாடி எம்ஆர்ஐ எடுக்குறப்ப கேப்பாங்க.

அனுப்பானடி மாப்ள:
பேச்சு பத்தி சொல்ல மறந்துட்டேன், இடது பக்கம்ன்றதால அது லேட்டாத்தான் வரும். எங்க மாமா மூணு மாசம் எல்லாத்தையும் "தட்டு தட்டு"ன்னாரு, இப்ப என்னையவே நல்லா வையுறாரு.

உசிலம்பட்டி பையன்:
கையெழுத்து போட்டுட்டேண்ணே. மச்சான் கோவத்துல போன வச்சுட்டாரு. மண்டைய மழிச்சு உள்ள கூட்டிட்டுப் போய்ட்டாக, அம்மா கட்டி வச்ச பூவு பையிலயே கெடக்கு. தம்பி அட்டை எடுக்க ஊருக்குப் போயிருக்கான். அக்கா, மாத்திரை டைம் எழுதி வச்சுக்கிட்டேன்.