பியாட்டி யார்? இத்தாலிக்காரர் ஏன் லண்டனிலேயே இருந்தார்?

கேள்வி:
ஆசிரியர் இப்போது அல்ஃபிரெடோ பியாட்டியின் 12 காப்ரிஸ்களில் (தனிச் செல்லோவுக்கான, வாசிப்புத் திறனைச் சோதிக்கும் சிறு இசைத் துண்டுகள்) 7ஆவதைக் கொடுத்திருக்கிறார். பெரிய வயலின் போன்ற செல்லோவின் தந்திகளை மாற்றி மாற்றித் தொட்டு, சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக உதிர்த்துக்கொண்டே போகும் ஆர்பெஜியோ, பாதியிலேயே வில் பிடித்த கை கனத்துப் போகிறது. இதை எழுதியவர் யார் என்று தேடினால் இத்தாலிக்காரர் என்கிறார்கள், ஆனால் பேச்செல்லாம் லண்டனைப் பற்றியே இருக்கிறது. ஏன்?

பதில் 1:
1822இல் பெர்கமோவில் பிறந்தவர், மிலான் இசைக் கல்லூரியில் மெரிகி என்ற ஆசிரியரிடம் படித்தார். எனக்கு மனதில் நிற்பது அவருடைய 21ஆவது வயது. கச்சேரிப் பயணத்தில் பெஸ்ட் நகரத்தில் (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பகுதி) நோயில் விழுந்து, செலவுக்காகச் செல்லோவையே விற்க வேண்டி வந்தது. ஊர் திரும்பும் வழியில் மியூனிக்கில் பியானோ மேதை லிஸ்ட் தன் கச்சேரியில் அவரையும் மேடையேற்றினார், பியாட்டி இரவல் செல்லோவில் வாசித்தார். அப்புறம் பாரிஸில் புகழ்பெற்ற அமாட்டி குடும்பம் செய்த செல்லோ ஒன்றையே பரிசாகக் கொடுத்துவிட்டார் லிஸ்ட். கருவியை இழந்த ஒரு வாத்தியக்காரனுக்கு இதைவிடப் பெரிய உதவி உண்டா?

1844இல் லண்டன். என் கணிப்பில் காரணம் எளிமையானது: இத்தாலியில் அன்று ஆப்பெரா என்ற இசை நாடகம்தான் எல்லாம், நான்கு தந்தி வாத்தியக்காரர்கள் சேர்ந்து வாசிக்கும் நால்வர் இசையை நம்பி ஒரு செல்லோக்காரர் வாழ்ந்துவிட முடியாது. லண்டனில் 1859இல் திங்கட்கிழமை பாப்புலர் கச்சேரிகள் தொடங்கின. அதில் ஏறக்குறைய 40 வருடம் வாசித்தார், வயலின் மேதை யோவாகிமோடு நால்வர் குழுவிலும் சேர்ந்து.

பதில் 2:
இத்தாலிய ஆப்பெரா இசையமைப்பாளர் வெர்டியை விட்டுவிட்டீர்களே! 1847இல் லண்டனில் அரங்கேறிய 'இ மஸ்னதியேரி' ஆப்பெராவின் முன்னிசை முழுக்கச் செல்லோ தனிதான், பியாட்டிக்காகவே வெர்டி எழுதியது. காப்ரிஸை மட்டும் பார்த்தால் வேகக்காரர் என்று தோன்றும், அதைக் கேட்டால் அவர் செல்லோவைப் பாட வைத்தவர் என்று புரியும். கீழே ஊன்றும் கம்பி இல்லாமல் கால்களுக்கு இடையில் பிடித்தே வாசித்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கை கனப்பதற்கு: ஆர்பெஜியோவை உடனே ஓட்டாதீர்கள், ஒவ்வொரு தாளக் கட்டத்தையும் முதலில் இரண்டிரண்டு சுரமாகச் சேர்த்துப் பிடித்து இடது கையை உறுதிப்படுத்துங்கள். பிறகு வில்லை மெதுவாக, மேல்கையிலிருந்து.

கேட்டவர்:
நன்றி, இன்று அப்படியே செய்தேன், நிஜமாகவே தேவலை. அந்த அமாட்டிதான் கடைசிவரை இருந்ததா?

பதில் 1:
இல்லை, 1867இல் 1720ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவேரி செய்த ஸ்ட்ராடிவேரியஸ் செல்லோ ஒன்று அவர் கைக்கு வந்தது. அதை இன்றும் 'பியாட்டி' என்றே அழைக்கிறார்கள். அவர் 1901இல் பெர்கமோவுக்குப் பக்கத்தில்தான் காலமானார்.