அறக்கட்டளைப் பத்திரம்: தமிழ் மாதிரி இருந்தால் கொடுங்க

வணக்கம்ங்க. பென்னாகரம் பக்கம் தனியா இருக்கிற முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்க ஒரு அமைப்பைப் பதிவு செய்யப் போறோம். சங்கம்னா 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் வேணும்; இருக்கிறது நாலு பேர். அதனால அறக்கட்டளைதான்.

சிக்கல் பத்திர வாசகத்துல. “கலைத்தால் மிச்சச் சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு அறக்கட்டளைக்கே” என்ற வரி விட்டுப்போனா 12ஏன்னு சொல்ற வருமான வரி விலக்குப் பதிவுல கேள்வி வரும். பயனாளிகள்னு ஒரே சாதியை எழுதினா 80ஜி (நன்கொடை கொடுக்கிறவங்களுக்கு வரிச் சலுகை தர்ற அனுமதி) கிடைக்காது. (ஊர்ல சிலருக்கு இதுதான் வருத்தம்!) எங்க விதிகள்: காசோலையில இருவர் கையெழுத்து, செலவுச் சீட்டு மாசாமாசம் சாப்பாட்டுக்கூடச் சுவரில். தலைவரே ஆனாலும் பந்தியில பரிமாறணும்னு முடிவு.

தர்மபுரியில பதிஞ்ச பத்திரத்தின் நகல் யாரிடமாவது இருக்கா? பெயர், முகவரியை மறைச்சு அனுப்புங்க. 12ஏ விண்ணப்பம் பார்த்துப் பழகின ஆடிட்டர் இருந்தாலும் சொல்லுங்க.