கல் இல்லாத மோதிரம்

அத்தை: பெர்லின் கல்யாண போட்டோ எல்லாம் பார்த்தேன் கண்ணு. பெண் லட்சணம்! ஆனால் மோதிரத்தில் ஒரு பொடிக் கல்கூட இல்லையே? மாப்பிள்ளைக்கு நல்ல வேலை என்றாயே.

நான்: 😄 வசதிக்குக் குறைவில்லை அத்தை. யூதர்களின் சடங்கு மோதிரமே அப்படித்தான். கல் பதிக்காத வெறும் வளையம்.

அண்ணன்: முடிவில்லாத அன்பு என்பார்களே, அதற்காகவா?

நான்: அப்படியும் சொல்வார்கள். அசல் காரணம் அவர்கள் மதச் சட்டம்தான். மாப்பிள்ளை மதிப்புள்ள ஒரு பொருளைக் கொடுக்க, பெண் மனமொப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய விதிப்படி ஒரு பெரூட்டா, அதாவது மிகச் சிறிய செப்புக்காசின் மதிப்பு இருந்தாலே போதும். மோதிரம் பிறகு வந்த வழக்கம். கல் இருந்தால் பெண் விலையைத் தப்பாகக் கணக்குப் போட்டுவிடலாம். அப்புறம் அவள் சம்மதமே செல்லுமா என்ற கேள்வி வரும்.

மாமா: புத்திசாலிகள்! கல்லையும் தங்கத்தோடு எடை போட்டவனிடம் நான் ஏமாந்தது தெரியும்தானே.

அத்தை: இரவல் மோதிரம் ஆகுமா?

நான்: ஆகாது. மாப்பிள்ளையின் சொந்தப் பொருளாக இருக்க வேண்டும்.

அண்ணி: ஆள்காட்டி விரலில் போடுகிறாரே?

நான்: வலது கை ஆள்காட்டி விரல்தான் அண்ணி. இரண்டு சாட்சிகளுக்கும் நன்றாகத் தெரியும் என்பார்கள். "மோசே, இஸ்ரயேலின் நெறிப்படி இந்த மோதிரத்தால் நீ எனக்கு உரியவள்" என்று எபிரேயத்தில் சொல்லிப் போடுவார். பிறகு பலர் விரல் மாற்றிக்கொள்வார்கள்.

அண்ணி: பெண் திருப்பிப் போட மாட்டாளா?

நான்: சீர்திருத்தப் பிரிவில் இருவரும் மாற்றிக்கொள்வார்கள். வைதிகப் பிரிவில் மாப்பிள்ளை தருவதுதான் சடங்கு. என் ஓட்டு முதல் பிரிவுக்கு.

அண்ணன்: வீடு மாதிரி கூரை வைத்த மோதிரம் ஒன்று நெட்டில் பார்த்தேன். அதுவும் இவர்களுடையதா?

நான்: ஆமாம் அண்ணா! ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில் பழைய யூத ஆலயத்தில் வைத்திருக்கிறார்கள். பொன்னால் செய்தது, கூரையில் 'மஸல் தோவ்' என்ற வாழ்த்து. 1349-ல் கொள்ளைநோய் பரவிய காலத்தில் அந்த ஊர் யூதர்களைக் கொன்று குவித்தார்கள். அப்போது யாரோ 3,000-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகளோடு இதையும் புதைத்திருக்கிறார்கள். 1998-ல்தான் கிடைத்தது. பிரான்சில் கொல்மாரிலும் 1863-ல் ஒரு வீட்டுச் சுவருக்குள் இதே மாதிரி ஒன்று கிடைத்தது. அது பாரிஸில், க்ளூனி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அண்ணி: கூரையோடு எப்படிப் பாத்திரம் தேய்ப்பது?

நான்: தினமும் போடுவதற்கில்லை, சடங்குக்கு மட்டும் என்கிறார்கள்.

அத்தை: அந்த வீட்டு மோதிரம் போட்டோ இருந்தால் போடு கண்ணு.

மாமா: பார்க்க மட்டும்தானே?