மறு: ‘விகரஸ் எக்சர்சைஸ்’: கடும்பயிற்சி வேண்டாமே

வணக்கம் நண்பர்களே,

‘விகரஸ் எக்சர்சைஸ்’ (vigorous exercise), அதாவது நன்றாக மூச்சு வாங்க வைக்கும் பயிற்சிக்கு, நம் கையேட்டில் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். வந்த யோசனைகளுக்கு என் பதில்:

> ‘கடும் உடற்பயிற்சி’ என்றே போடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. பருமனான முதியோருக்கு நாம் எழுதும் கையேட்டின் வரைவை அம்மாவிடம் கொடுத்துப் பார்த்தேன். அவருக்கு வயது 68, எடை 81 கிலோ. ‘கடும்’ என்ற சொல் வந்ததுமே கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “இதெல்லாம் ஜிம்முக்குப் போற பசங்களுக்குப்பா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து ஈரத்துணி வாளியோடு மொட்டை மாடிக்கு ஏறியவர், பதினோராவது படியில் சுவரைப் பிடித்து நின்றார். போன் வந்திருக்கிறது என்று கீழேயிருந்து சொன்னேன். “அப்... புறம்” என்று ஒரு சொல்லை இரண்டு மூச்சில் சொன்னார். நாம் பெயர் தேடும் பொருள் அதுதான்.

இதற்கு ஓர் எளிய பேச்சுச் சோதனை உண்டு. பயிற்சியின்போது பாட முடிந்தால் அது லேசானது. பேச வருகிறது, பாட வரவில்லை என்றால் மிதமானது. இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தால் விகரஸ். 25 வயதுக்காரர் அதற்கு ஓட வேண்டும், அம்மாவுக்கு மாடிப்படியே போதும். ‘கடும்’ என்பது வேலையை அளக்கும் சொல். நமக்கு வேண்டியது ஆளை அளக்கும் சொல்.

> ‘இளைப்புப் பயிற்சி’? மூச்சும் இளைக்கும், உடம்பும் இளைக்கும்.

அருமையான சொல். இரண்டு நாள் இதையே எழுதிப் பார்த்தேன். ஆனால் கைவிடத்தான் வேண்டும், காரணம் மருத்துவத்திலேயே இருக்கிறது. 2017-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வில்லாரியல் குழுவினரின் ஆய்வு வெளிவந்தது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன, உடற்பருமன் உள்ள 160 பேர், 26 வாரம். உணவைக் குறைத்துக்கொண்டு ஒரு குழு நடை, மிதிவண்டி மாதிரியான பயிற்சி செய்தது, ஒன்று எடை தூக்கியது, இன்னொன்று இரண்டையும் செய்தது. மூன்றிலும் உடல் எடை சுமார் 9 சதவீதம் குறைந்தது. ஆனால் கொழுப்பல்லாத எடை (தசையும் பிறவும்) முதல் குழுவில் 5 சதவீதம் போனது, எடை தூக்கியவர்களிடம் 2, இரண்டும் செய்தவர்களிடம் 3. நடக்கவும் எழுந்திருக்கவுமான திறன் அதிகம் கூடியது இரண்டும் செய்தவர்களுக்குத்தான்.

ஆக, முதியவருக்கு வெறுமனே இளைப்பது இலக்கே இல்லை. கொழுப்பு கரைய வேண்டும், தசை நிற்க வேண்டும். எடை அசையாமலே குடலையும் ஈரலையும் சுற்றிய கொழுப்பு குறைவதும் உண்டு. தராசை மட்டும் பார்ப்பவர் அதைக் கண்டு சோர்ந்து பயிற்சியை விட்டுவிடுவார். ‘இளைப்பு’ என்று பெயர் வைத்தால் அவரை நாமே தராசுக்கு அனுப்புகிறோம். போதாததற்கு சித்த மருத்துவத்தில் இரைப்பும் இளைப்பும் நோய்ப் பெயர்கள். “ஏன் இப்படி இளைச்சுட்டே” என்று நாம் கேட்பதும் கவலையோடுதானே?

யாழ்ப்பாண நண்பர் சொன்ன ‘களைப்பு’ பற்றியும் யோசித்தேன். அங்கே ‘களைக்குது’ என்றால் மூச்சு வாங்குகிறது, இங்கே சோர்வு. ஒரே கையேடு இரண்டு இடத்துக்கும் போகிறது, ஆகவே வேண்டாம்.

என் பரிந்துரை: மூச்சுவாங்கு பயிற்சி. வினைத்தொகை என்பதால் நடுவில் ‘ப்’ போட வேண்டாம். மிதமானதற்கு ஒருவர் ‘பேச்சுநடை’ கேட்டிருந்தார். அது எழுத்துநடைக்கு எதிர்ச்சொல்லாக ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ‘மிதப் பயிற்சி’ போதும்.

மூச்சு வாங்குவது என்றாலே சிலர் பயப்படுவார்கள் என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார். நியாயம்தான். விளக்க வரியை இப்படி அமைக்கலாம்: “இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் தொடர்ந்து பேச முடியாத அளவு மூச்சு வாங்கி, நின்றால் சில நிமிடத்தில் அடங்கும் பயிற்சி. நெஞ்சு அடைத்தாலோ தலை சுற்றினாலோ அது பயிற்சி அல்ல, உடனே நிறுத்துங்கள். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.”

அப்புறம், ‘லீன் மாஸ்’ (lean mass) என்பதற்கான தமிழ்ச் சொல் இன்னும் முடிவாகவில்லை. இப்போதைக்கு ‘கொழுப்பல்லாத எடை’ என்று வைத்திருக்கிறேன். அதில் தசையோடு உள்ளுறுப்புகளும் உடல்நீரும் சேரும், அதனால் ‘தசை எடை’ என்று சுருக்க எனக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.